ஸ்ரேஷன் இல்லாத இடத்தில் கேளுங்கள்

பழைய கார் ஒன்றில் வானொலி பூட்டியிருக்கிறோம் என்று யாராவது காட்டினால் நான் முதலில் பாட்டுக் கேட்பதில்லை. எஞ்சினை ஸ்ரார்ட் செய்யச் சொல்வேன். சத்தத்தைக் கூட்டிவிட்டு, முள்ளை எந்த ஸ்ரேஷனும் இல்லாத ஓர் இடத்துக்குத் திருப்புவேன். மத்திய அலையில் அப்படி ஓர் இடம் எப்போதும் கிடைக்கும். அங்கே வானத்தின் மெல்லிய இரைச்சல் மட்டும் வந்தால் வேலை செய்தவர் கைகாரர். ஆக்ஸிலேற்றரை மிதிக்க மிதிக்க ஒரு சீழ்க்கை ஏறி இறங்கினால் டைனமோவை அவர் கவனிக்கவில்லை. எஞ்சின் வேகத்தோடு சடசடப்பும் கூடினால் பிளக் வயர்களை அப்படியே விட்டுவிட்டார். ஒழுங்கில்லாமல் பொரிந்தால் ரெகுலேற்றர் பெட்டியில் கோளாறு. எஞ்சின் ஓடாமலே, திறப்பைத் திருப்பியதும் டிக், டிக் என்று இடைவெளி விட்டு வந்தால் அது பெற்றோல் பம்ப். நல்ல பாட்டு ஒன்று இவை எல்லாவற்றையும் மூடிவிடும். அதனால் பாட்டை வைத்து வேலையை மதிப்பிட எனக்கு விருப்பமில்லை.

இந்தச் சோதனைக்கு மட்டக்களப்பு கடுமையான இடம். வாவியின் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர். அதற்கும் கடலுக்கும் நடுவில் கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று ஒடுங்கிக் கிடக்கிறது எழுவான்கரை. காற்று கிழக்கால் அடித்தாலும் மேற்கால் அடித்தாலும் உப்பும் ஈரமும் சேர்ந்தே வரும். துடைத்து மினுக்கி வைத்த பித்தளை முனை பச்சை பூக்க இங்கே நெடுநாள் வேண்டாம். பழைய காரின் மின்சாரமோ இப்படிப்பட்ட முனைகளை நம்பியே ஓடுகிறது. பற்றரியிலிருந்து மின்சாரம் வயரில் போகும். திரும்பி வருவது பொடித் தகரத்தின் வழியாக. எஞ்சினுக்கும் பொடிக்கும் நடுவில், மட்காட்டுக்கும் சேஸிக்கும் நடுவில், பெயின்றுக்கு அடியில், ஒரு நூல் அளவு துரு ஏறினாலும் அந்தத் திரும்பும் பாதை தடுமாறும். ஹெட்லைற் அதைச் சற்று மங்கிக் காட்டும், அவ்வளவுதான். வானொலி உடனே கத்தும். வயரிங்கின் நலத்தை வானொலியைப்போல் ஒளிவுமறைவின்றிச் சொல்லக்கூடிய சாமான் அந்தக் கார்களில் வேறொன்றும் இல்லை.

ஆகவே இங்கே வேலை பழகிய வயரிங்காரர்கள் வானொலியை மேசையில் வைத்துவிட்டுக் காரைத்தான் முதலில் சுற்றி வருவார்கள். “ரேடியோவ மறுகா பாப்பம் தம்பி. முதல்ல எர்த்தப் பாப்பம்” என்று வயதான காக்கா ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கார்க்காரருக்கு அவசரம். “ஏன் காக்கா, ரேடியோதானே பூட்டப் போறம்?” என்றார். “எர்த் சரியில்லாட்டி காரிட இரைச்சலக் கேக்கத்தான் நீங்க காசு குடுக்கிறீங்க” என்றார் காக்கா, தலையைப் பொனற்றுக்குள்ளிருந்து எடுக்காமலே. அவர் கையில் இருந்தவை சுரண்டுவதற்கு ஒரு பழைய கத்தியும் ஒரு டப்பா வஸலீனும். முனையைக் கழற்றி, வெள்ளைத் தகரம் தெரியும்வரை சுரண்டி, இறுக்கிப் பூட்டி, அதன்மேல் வஸலீன் தடவினார். வானொலியின் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே பாதி வேலை இப்படி முடிந்துவிடுகிறது.

காருக்குள் வானொலியைப் பரவலாக்கிய கதை 1930இல் தொடங்குகிறது. போல் கல்வின் என்ற அமெரிக்கர் தன் ஸ்ருடிபேக்கர் காரில் ஒரு வானொலியைப் பூட்டி, அற்லாண்டிக் சிற்றியில் நடந்த வானொலி உற்பத்தியாளர் மாநாட்டுக்கு வெளியே நிறுத்திப் பாடவிட்டார். மோட்டோரோலா என்ற பெயர் அப்படிப் பிறந்தது. 1932இல் ஜேர்மனியின் புளோபுங்க்ற் ஏ.எஸ். 5 என்ற வானொலியைக் கொண்டுவந்தது. கிட்டத்தட்ட 15 கிலோ எடை. பெட்டி ஓரிடத்தில், ஸ்பீக்கர் வேறோரிடத்தில், ஓட்டுநர் கைக்கு எட்டும்படி ஸ்ரியரிங் தண்டில் ஒரு கட்டுப்பாட்டுத் துண்டு. அந்தக் காலத்துக் காரில் வானொலி பூட்டுவது நாட்கணக்கான வேலை. கூரைத் துணியைக் கழற்றி அதற்குள் அன்ரனாக் கம்பியை விரிப்பார்கள். கொழும்பில் 1925 டிசம்பரிலேயே ஒலிபரப்பு ஆரம்பித்துவிட்டது என்றாலும், மட்டக்களப்பின் தெருக்களில் பாடிக்கொண்டு போகும் கார் இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிந்திய காலத்துக்குரியது. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950 செப்டெம்பரில் தொடங்கியது. அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனனின் குரலும் காலையில் பொங்கும் பூம்புனல் நிகழ்ச்சியும் வீட்டு வானொலிகளை ஆண்ட காலத்தில், அதைக் காருக்குள்ளும் கேட்க வேண்டும் என்ற ஆசை வசதியுள்ளவர்களுக்கு வந்ததில் வியப்பில்லை.

அந்த ஆசைக்குக் கிடைத்த வாகனங்கள் ஒஸ்ரின் ஏ40, ஹில்மன் மிங்ஸ், பேஜோ 203, போர்ட் பிரிபெக்ற், எல்லாவற்றுக்கும் மேலாக மொறிஸ் மைனர். 1948இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமாகி, வடிவமைப்பாளர் அலெக் இஸிகோனிஸின் பெயரை நிலைநாட்டிய இந்தக் காரை இலங்கை விட்டுக்கொடுக்கவே இல்லை. 1960களின் தொடக்கத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. புதிய கார் வராத நாட்டில் இருக்கிற காரைச் செத்துப்போக விட முடியாது. மைனரின் ஒவ்வொரு துண்டையும் திருத்தவும் செய்யவும் தெரிந்த கைகள் கராஜ் கராஜாக உருவாகின. அந்தக் கைத்திறனை நம்பித்தான், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேர் 1990களில் இலங்கையில் மைனர் உதிரிப்பாகம் செய்யும் தொழிலைத் தொடங்கினார். பிறகு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நின்று, 2025 வரை தனியார் கார்கள் வராமலிருந்தபோது, கொட்டிலில் தூசி படிந்து கிடந்த பல பழைய கார்கள் வெளியே வந்தன. வெளியே வந்த காருக்கு உரிமையாளர்கள் கேட்கும் முதல் அலங்காரம் வானொலி. நான் எழுத நினைப்பது இந்த மைனரைப் பற்றியே. மற்றவை அதற்குப் பங்காளிகள்.

மைனரின் மின்சாரம் பெரும்பாலும் லூக்காஸ் நிறுவனத்தின் கைவேலை. 12 வோல்ற். ஆனால் பற்றரியின் பிளஸ் முனை பொடியில் பூட்டியிருக்கும். உயிர் வயர் மைனஸ். இதை நேர்முனை எர்த் என்கிறோம். 1930களின் நடுவிலிருந்து 1960களின் பிற்பகுதிவரை பிரித்தானியக் கார்கள் அநேகமாக இப்படித்தான் வந்தன. பிளக்கின் சூடான நடுமுனை மைனஸாக இருந்தால் தீப்பொறி இலகுவாகப் பாயும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஜேர்மனியின் வொல்க்ஸ்வாகன் பீற்றிலோ மைனஸ் எர்த், ஆனால் 1960களின் நடுப்பகுதி கடக்கும்வரை வெறும் 6 வோல்ற். இன்று கடையில் விற்கும் கார் வானொலி அநேகமாக 12 வோல்ற், மைனஸ் எர்த். அதன் இரும்புப் பெட்டியே மைனஸ். அன்ரனா வயரின் மேலுறையும் மைனஸ். நேர்முனை எர்த் காரின் டாஷ்போர்ட்டில் அந்தப் பெட்டி தொட்ட கணமே பற்றரியின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று சந்தித்துவிடும். வயரை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதும் என்று நினைத்துப் புகையைக் கண்டவர்கள் இருக்கிறார்கள்.

அந்தக் காலத்து வானொலிகளை இந்த இடத்தில் நான் நன்றியோடு நினைக்கிறேன். ரேடியோமொபைல் போன்ற பிரித்தானிய நிறுவனங்களின் 1960களின் ட்ரான்சிஸ்ரர் வானொலிகளில் எர்த்தை மாற்றிக்கொள்ள ஒரு சிறு இணைப்பி வைத்திருந்தார்கள். கழற்றித் திருப்பிச் செருகினால் பிளஸ் எர்த், மறுபடி திருப்பினால் மைனஸ் எர்த். அவற்றின் உள்ளே இருந்த ஜெர்மேனியம் பி.என்.பி. ட்ரான்சிஸ்ரர்களுக்கு இயல்பாகவே பிளஸ் பக்கம் பொதுப்பக்கமாக அமைவது வசதி. காரும் வானொலியும் ஒரே காலத்தில் பிறந்ததால் அந்த ஒற்றுமை. ஜெர்மேனியத்தின் பலவீனம் சூடு. சித்திரை வெயிலில் கண்ணாடி மூடி நிறுத்திய காரில் அது சூடேறும். சூடேற ஏறக் கூடுதல் மின்சாரம் இழுக்கும். இழுப்பதால் இன்னும் சூடேறும். அனுபவமுள்ளவர்கள் அந்த வானொலியின் வெளியீட்டு ட்ரான்சிஸ்ரருக்குப் பின்னால் காற்றோட இடம் விட்டே பெட்டியைத் தொங்கவிடுவார்கள். வெயிலில் நின்ற காரில் ஏறியதும் சுவிட்சைத் தட்டாதீர்கள், கண்ணாடியை இறக்கிச் சற்று ஓடவிட்டுப் போடுங்கள் என்றும் சொல்லிவிடுவார்கள்.

அதற்கும் முந்திய வால்வு வானொலிகள் தனி அழகு. வால்வுக்கு 200 வோல்ற்றுக்கு மேல் வேண்டும். காரில் இருப்பதோ 12, அல்லது 6. ட்ரான்ஸ்போமர் நேர்மின்சாரத்தை உயர்த்தாது. ஆகவே வைபிரேற்றர் என்ற சிறு உருளையை வைத்தார்கள். உள்ளே ஓர் உருக்கு நாக்கு விநாடிக்கு நூறு தடவை அளவில் அதிர்ந்து மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும். வெட்டுப்பட்ட மின்சாரத்தை ட்ரான்ஸ்போமர் உயர்த்தும். சுவிட்சைத் திருப்பியதும் முதலில் வருவது அந்த நாக்கின் ரீங்காரம். வால்வுகள் சூடேறி அரை நிமிடம் அளவில் குரல் மெல்ல எழும்பி வரும். அந்தக் காத்திருப்பு எனக்குப் பிடிக்கும். நெடுங்காலம் ஓடாமல் கிடந்த வைபிரேற்றரின் தொடுமுனைகளில், எங்கள் ஊர் ஈரத்தில், ஒட்சைட்டுப் படிந்து நாக்கு அசையாது. அதைவிட ஆபத்தானது ட்ரான்ஸ்போமரின் உயர்வோல்ற்றுப் பக்கத்தில் நிற்கும் கண்டென்சர். அது ஒழுகினால் வைபிரேற்றரும் போகும், ட்ரான்ஸ்போமரும் போகும். பழைய வால்வு வானொலி கையில் கிடைத்தால் அந்தக் கண்டென்சரை மாற்றாமல் ஒரு விநாடிகூட மின்சாரம் கொடுக்கக் கூடாது. இப்போது அதே உருளை அளவில் ட்ரான்சிஸ்ரரால் செய்த, அசையும் பாகமில்லாத வைபிரேற்றர்கள் உண்டு. ரீங்காரம் போய்விடும் என்பது எனக்கு ஒரு குறைதான். ஆனால் நாளாந்தம் ஓடும் காருக்கு அதைத்தான் சொல்வேன்.

வால்வு வானொலி 12 வோல்ற்றில் 3, 4 அம்பியர் தின்னும். இதை வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும். மைனரின் லூக்காஸ் சி39 டைனமோ உச்சமாகத் தருவது 19 அம்பியர். பின்னால் வந்த சி40 தருவது 22. ஹெட்லைற்றும் பின் லைற்றும் 8, 9 அம்பியர் கேட்கும். கொயில் 3 அல்லது 4. மழையில் வைப்பர் இன்னும் 2, 3. ஓடும் காரில் எல்லாம் சமாளிக்கும். எஞ்சின் சும்மா நின்று சுழலும்போது டைனமோ ஒன்றுமே தராது. டாஷ்போர்ட்டில் சிவப்பு லைற் எரியும், எல்லாம் பற்றரியிலிருந்தே போகும். கல்லடியில் 1924இல் திறந்த லேடி மனிங் பாலம் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனம் மட்டும் போகக்கூடிய ஒடுக்கம். 2013இல் புதிய பாலம் திறக்கும்வரை இரண்டு கரையிலும் வாகனங்கள் முறை பார்த்து நின்றன. மழை இரவில், லைற் போட்டு, வைப்பர் ஓட, வானொலி பாட அங்கே நின்ற மைனர் எவ்வளவு இழந்திருக்கும் என்று கூட்டிப் பாருங்கள். ஆகவே அந்தத் தலைமுறை ஓட்டுநர்கள் பாலத்தடியில் வானொலியை நிறுத்துவதைப் பழக்கமாக வைத்திருந்தால் அது சரியான பழக்கம் என்பேன். இன்றைய சிறு வானொலிப் பலகை ஒரு அம்பியருக்குள் முடித்துவிடும். ஆனால் அதோடு நான்கு ஸ்பீக்கரும் ஓர் அம்பிளிபயரும் சேர்ப்பவர்கள் மைனரின் டைனமோவிடம் அநியாயம் கேட்கிறார்கள்.

வானொலிக்கு உயிர் வயரை எங்கிருந்து எடுப்பது என்பதில் ஒருவரின் புத்தி தெரிந்துவிடும். மைனரின் பியூஸ் பெட்டியில் மொத்தமே இரண்டு பியூஸ். ஏ1, ஏ2 என்று குறித்த பியூஸுக்குத் திறப்பைத் திருப்பாமலே மின்சாரம் வரும், ஹோர்ன் அதில்தான். ஏ3, ஏ4 என்பதற்குத் திறப்பைத் திருப்பினால்தான் வரும். மேலோட்டமாகப் பார்த்தால் ஏ4 முனை பாதுகாப்பு. வானொலியை மறந்து விட்டுப் போனாலும் திறப்போடு நின்றுவிடும். ஆனால் அந்தக் கார்களில் வானொலிக்கென்று திறப்பில் தனி நிலை இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு வாவிக்கரையில் இருந்து பாட்டுக் கேட்க வேண்டுமானால் இக்னிஷனைப் போட்டே வைக்க வேண்டும். டிஸ்ரிபியூற்றரின் பொயின்ற் மூடிய நிலையில் நின்றிருந்தால் கொயில் வழியே மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். கொயில் கொதிக்கும், பொயின்ற் கருகும். ஆகவே ஏ2 முனையிலிருந்து எடுத்து, வழியில் வானொலிக்கென்று ஒரு சிறு பியூஸை வைப்பதே என் கட்சி. வானொலியை நிறுத்த மறக்காமலிருப்பது உரிமையாளரின் பொறுப்பு. பழைய பெரிய பியூஸ் 35 அம்பியர்; வானொலியின் மெல்லிய வயர் எரிந்து முடியும்வரை அது போகாது. அந்தச் சிறு பியூஸை வைக்காதவரிடம் நான் கார் கொடுக்க மாட்டேன்.

இனி இரைச்சலை அடக்கும் வேலை. இந்தக் கலையின் உச்சம் இதுவே. நல்ல கைகாரர் இரைச்சலைக் கேட்டு அது பிறக்கும் இடத்தைச் சொல்வார்; பிறகு அந்த இடத்திலேயே அதை மறிப்பார். டைனமோவின் சீழ்க்கைக்கு, அதன் பெரிய முனையான டி-யில் 1 மைக்ரோஃபரட் கண்டென்சர் ஒன்று. பக்கத்தில் நிற்கும் சிறிய எப் முனையில் மறந்தும் வைக்கக் கூடாது. அது காந்தச்சுருளுக்குப் போகும் வழி, அங்கே கண்டென்சர் நின்றால் ரெகுலேற்றரின் தொடுமுனைகள் கெடும். கொயிலிலும் அப்படியே. எஸ்.டபிள்யூ. என்று எழுதிய முனையில் கண்டென்சர் வைத்தால் இரைச்சல் அடங்கும், சி.பி. முனையில் வைத்தால் எஞ்சினின் நெருப்பே கெடும். இரண்டு முனைக்கும் இடைவெளி இரண்டு விரல் அகலம். பிளக் வயர்களின் சடசடப்புக்குக் கொயிலிலிருந்து டிஸ்ரிபியூற்றருக்குப் போகும் தடித்த வயரில் 10,000 ஓம் அளவில் ஒரு தடையும், பிளக் மூடிகளில் 5,000 ஓம் தடையும். எஸ்.யூ. பெற்றோல் பம்பின் டிக் ஒலிக்கு அதன் முனையில் இன்னொரு கண்டென்சர்.

இவை எல்லாம் வைத்த பிறகும் சிறு சடசடப்பு மிஞ்சுவதுண்டு. கைகாரர் அப்போது பொனற்றைப் பார்ப்பார். பொனற் பிணைச்சலில் தொங்குகிறது. பிணைச்சலில் கிறீஸும் பெயின்றும். மின்சாரக் கணக்கில் அது பொடியோடு சேராத தனித்தகடு. பிளக்குகள் அதற்கு நேர் கீழே வெடிக்கும்போது அந்தத் தகடே ஓர் அன்ரனாவாகி இரைச்சலை வீசுகிறது. பொனற்றிலிருந்து பொடிக்கு ஒரு பின்னல் செம்பு நாடாவைப் பூட்டியதும் அது நின்றுபோகும். எஞ்சினும் இறப்பர் தாங்கிகளில் உட்கார்ந்திருப்பதால் அதற்கும் ஒரு நாடா. புகைக்குழாய்க்குக்கூடச் சிலர் போடுவார்கள். செம்பு நாடாவை உப்புக்காற்று தின்னும். ஆகவே இரண்டு முனையிலும் ஈயம் பற்றவைத்து, வஸலீன் பூசி, வருடத்துக்கொருதரம் பார்க்கச் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறிவந்த கல்லடி, நாவலடிப் பக்கத்தின் வயரிங் இதைவிடப் பெரிய பாடம். செம்பு இழைகள் உப்புநீரை உறைக்குள் உறிஞ்சி இழுத்துக் கொள்கின்றன. வெளியே நல்ல வயராகத் தெரியும், வெட்டிப் பார்த்தால் உள்ளே கரும்பச்சைத் தூள். அப்படிப்பட்ட வயரிங்கில் எந்தக் கண்டென்சரும் உதவாது. முழுதாக இழுத்துப் போட்டுப் புதிதாக ஓட வேண்டும்.

அன்ரனா வேலையில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மட்காட்டில் ஓட்டை போடுவதாக இருந்தால், அடியில் தகரத்தைச் சுரண்டி வெள்ளையாக்கி, அன்ரனாவின் அடிவளையம் அந்த வெள்ளையில் கடித்து உட்கார வேண்டும். அன்ரனாப் பக்கத்தில் வயரின் மேலுறைக்கு எர்த் கிடைப்பது அந்த வளையத்தில். அது துருவில் உட்கார்ந்தால் பொனற்றுக்குள் நடக்கும் அத்தனை வெடிப்பும் வானொலிக்குள் நேராகப் போகும். வயர் போதாதென்று நடுவில் ஒட்டுப் போடுவதும் குற்றம். அன்ரனாவும் வயரும் வானொலியின் முதல் சுருளோடு சேர்ந்து ஒன்றாக இசைகின்றன, நீளம் மாறினால் அந்த இசைவு கெடும். அதைச் சரிசெய்ய அன்ரனாத் துவாரத்துக்குப் பக்கத்தில் சிறு திருகாணி ஒன்றிருக்கும். 1400 கிலோஹேட்ஸுக்குக் கிட்ட மெலிந்து கேட்கும் ஒரு ஸ்ரேஷனைப் பிடித்து, சத்தம் உச்சத்துக்கு வரும்வரை அந்தத் திருகாணியை மெல்லத் திருப்புவார்கள். பலர் இதைச் செய்வதேயில்லை. செய்தவர் பூட்டிய வானொலியில் தூரத்து ஸ்ரேஷன்கள் கிட்ட வந்து நிற்கும்.

தூரம் என்றதும் இந்த ஊருக்கு வாய்த்த ஒரு பேற்றைச் சொல்லாமல் போக முடியாது. மத்திய அலை தரையைத் தழுவிப் போகும்போது உலர்ந்த மண் அதை உறிஞ்சிவிடும். உப்புநீர் அதை ஏந்திக்கொண்டு போகும். மட்டக்களப்பிலிருந்து சென்னைக்கு நேர்கோடு ஒன்று கீறிப் பாருங்கள். திருகோணமலைக் கரைக்கும் முல்லைத்தீவுக் கரைக்கும் வெளியே, 600 கிலோமீற்றர் அளவு, அது கடலோடு கடலாகவே போகிறது. 720 கிலோஹேட்ஸில் வந்த சென்னை வானொலிக்கு எழுவான்கரை ஒரு நல்ல மடி. திருச்சியின் 936, இலங்கை நேயர்களுக்கென்றே தூத்துக்குடியிலிருந்து வந்த 1053 என்பவை இரவானதும் வானத்தில் பட்டுத் தெறித்து வந்து சேர்ந்தன. பிரித்தானிய வானொலிகளில் இருந்த நெட்டலைப் பட்டன் இங்கே ஊமை. நெட்டலையில் ஒலிபரப்பு பெரும்பாலும் ஐரோப்பாப் பக்கத்துக்குரியது. ஏற்றுமதிக்கென்று சிற்றலை சேர்த்து வந்த வானொலிக்கு இங்கே மதிப்பு அதிகம். அதில்தான் பிபிசி தமிழோசை கிடைத்தது. யுத்த காலத்தில் அதைக் கேட்பதற்காக மனிதர்கள் பட்ட பாடு தனிக் கதை. 1990களில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைக் கையால் சுற்றிச் செய்தி கேட்டார்கள். வானொலிக்கு மின்சாரம் ஊட்டுவது எங்கள் மக்களுக்குப் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை.

இந்த வாவிக்கரை செவியைக் கூர்மையாக்கிக்கொண்ட ஊர். பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தருகே வள்ளத்தில் போய், துடுப்பின் அடியைத் தண்ணீரில் விட்டு மேல்நுனியைக் காதில் வைத்துப் பாடும்மீனைக் கேட்கும் வழக்கம் எல்லோரும் அறிந்தது. மரத்துடுப்பு தண்ணீருக்குள் நடக்கும் அதிர்வைக் காதுக்கு ஏற்றிவிடுகிறது. காற்றின் இரைச்சல் விலகிவிடுகிறது. புனித மிக்கேல் கல்லூரியின் அருட்தந்தை லாங் 1950களில் அந்த ஒலியைப் பதிவு செய்தபோது அவருக்கும் இதே வேலைதான்: வேண்டியதை எடுத்து வேண்டாததை விலக்குவது. காரைதீவில் பிறந்து கல்லடியில் அடக்கமான சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டதாரி. 1947இல் வெளிவந்த யாழ் நூலில் நரம்புகளின் சுருதியைக் கணக்கிட்டுக் காட்டியவர். இப்படிப்பட்ட மண்ணில் ஒரு வயரிங்காரர் டைனமோவின் சீழ்க்கையையும் ரெகுலேற்றரின் பொரிதலையும் காதால் பிரித்துச் சொல்வதை நான் வெறும் கராஜ் வேலை என்று தள்ளிவைக்க மாட்டேன்.

இப்போது மத்திய அலையில் கேட்பதற்கு மிஞ்சியிருப்பது குறைவு. தென்றல், சூரியன், சக்தி எல்லாம் எப்.எம். இளைஞர்கள் கைப்பேசியிலிருந்து பாட்டை விடவே விரும்புகிறார்கள். அதற்காக மைனரை மைனஸ் எர்த்துக்கு மாற்றுவது ஒரு வழி, மாற்றுவதும் கடினமில்லை. பற்றரியின் முனைகளைத் திருப்பிப் பூட்ட வேண்டும். கொயிலின் இரு வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். செல்ப் மோட்டாரும் காந்தச்சுருள் வைத்த வைப்பர் மோட்டாரும் எந்த எர்த்திலும் ஒரே பக்கம்தான் சுற்றும், அவற்றைத் தொட வேண்டாம். டைனமோவுக்குச் செய்ய வேண்டியது எனக்கு எப்போதும் அதிசயம். எந்தப் பக்கம் மின்சாரம் பிறக்க வேண்டும் என்பது அதன் இரும்பில் தங்கியிருக்கும் மிச்சக் காந்தத்தின் கையில் இருக்கிறது. எப் முனையின் வயரைக் கழற்றிவிட்டு, பற்றரியின் உயிர் முனையிலிருந்து ஒரு வயரால் அதை ஓரிரு தடவை தொட்டு எடுப்பார்கள். சின்னத் தீப்பொறி. அத்தோடு டைனமோ பக்கம் மாறிவிடும். நாளாந்தம் ஓட்டும் காருக்கு இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பிறந்தபடியே இருக்கும் ஒரு நல்ல மைனரை வானொலி ஒன்றுக்காகத் திருப்புவதில் எனக்கு மனமில்லை. பற்றரியிலிருந்து முற்றிலும் பிரித்து மின்சாரம் தரும் மாற்றிகள் இப்போது சிறு டப்பாவாக வருகின்றன. 6 வோல்ற்றை 12 ஆக்குபவையும் உண்டு. உள்ளே செத்துப்போன பழைய வானொலியின் கூட்டில் ஒரு சிறு எப்.எம்., புளூடூத் பலகையை அந்த மாற்றியோடு மறைத்து வைத்து, பழைய குமிழ்களையே சுவிட்சாகவும் சத்தக் குமிழாகவும் இணைத்தால் வெளித்தோற்றம் கெடாது. உயிரோடிருக்கும் வானொலியின் வயிற்றைக் கிழித்து இதைச் செய்வதை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன். டாஷ்போர்ட்டை வெட்டுவதையும்தான். நடுவில் வட்டமான ஸ்பீடோமீற்றரும் இரு பக்கமும் சாமான் பெட்டியுமாக அந்தத் தகடு அவ்வளவு நிறைவாக இருக்கிறது. வானொலியைக் கீழ்த்தட்டில் தொங்கவிட இரண்டு திருகாணி போதும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், வேலை முடிந்ததும் வயரிங்காரரிடம் ஒரு தாளும் பேனையும் கொடுங்கள். எந்த எர்த், எந்த முனையிலிருந்து உயிர் எடுத்தது, பியூஸ் எங்கே ஒளிந்திருக்கிறது, எத்தனை அம்பியர், எந்தெந்த இடத்தில் கண்டென்சர் என்று வரைந்து தரச் சொல்லுங்கள். அடுத்ததாகப் பற்றரி மாற்றப் போகிறவருக்கு இவை எதுவும் தெரியாது. பிளஸ் எர்த் என்ற பேச்சையே கேட்காத பிள்ளையாகவும் அவர் இருக்கலாம். அந்தத் தாளை ஈரம் ஏறாதபடி லமினேற் செய்து பொனற்றின் உட்பக்கத்தில், பற்றரிக்கு நேர் மேலே ஒட்டுங்கள். ஓடாவி தான் செய்த அலுமாரியின் அடிப்பலகையில் பெயர் எழுதுவதுபோல், வரைந்தவரைக் கீழே கையெழுத்தும் திகதியும் போடச் சொல்லுங்கள்.